முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 ஸ்டார்ட் ஆகவில்லையா? எங்கே தொடங்கி எப்படித் தேடுவது

மாஸ்டா எம்எக்ஸ்-5 முதன்முதலாக 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் காட்டப்பட்டது. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர்தான் வேறு, வண்டி ஒன்றே. எழுந்து இறங்கும் ஹெட்லைட்டோடு வந்த அந்த முதல் தலைமுறை 1997 வரை தயாரிப்பில் இருந்தது. அதில் கடைசியாக வந்த வண்டிக்கே இன்று 25 வயது தாண்டிவிட்டது. ஆனாலும் முதன்முதலாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் இன்றும் இதைத் தேடிப் போகிறார்கள். உதிரி பாகம் கிடைக்கிறது, இன்ஜின் எளிமையானது, பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது.

அப்படி வாங்கியவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு. இன்னைக்கு சாவியைத் திருப்பினா ஸ்டார்ட் ஆகலை. எதை மாத்தணும்?" இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். புது பேட்டரி, புது செல்ஃப் மோட்டார், புது பெட்ரோல் பம்ப் என்று வரிசையாக வாங்கிப் போட்டுவிட்டு, கடைசியில் துருப்பிடித்த ஒரு போல்ட்டுதான் காரணம் என்று தெரிந்து நொந்துபோனவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இந்த வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதை அதுவே சொல்லிவிடும். நாம் வரிசையாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கையில் இவை இருந்தால் போதும்: ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 மற்றும் 12 மில்லிமீட்டர் ஸ்பேனர், 16 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட், டார்ச், கம்பி பிரஷ், தடிமனான ஜம்பர் கேபிள், நீளமான ஒரு துண்டு ஒயர். சாவியைத் திருப்ப ஓர் ஆள் இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

வேலையைத் தொடங்கும் முன் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுங்கள். மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓட்டிப் பார்க்காதீர்கள். கதவை முழுக்கத் திறந்து வைத்தாலும் போதாது, முடிந்தால் வண்டியை வெளியே தள்ளிவிடுங்கள். பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை மின்சார வேலை எதுவும் வேண்டாம்.

முதலில் காதால் கேளுங்கள்

சாவியை ஸ்டார்ட் நிலைக்கு ஒரே ஒரு முறை திருப்பி, 2 விநாடி வைத்திருந்து, விட்டுவிடுங்கள். என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். சத்தமே இல்லையா? ஒரே ஒரு "டக்"கா? "டக டக டக" என்று படபடத்ததா? இன்ஜின் சோம்பலாக முக்கி முக்கிச் சுற்றியதா? வழக்கம்போல் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? அல்லது வழக்கத்தைவிட வேகமாக, லோடே இல்லாததுபோல் விர்ரென்று சுற்றியதா?

இந்த ஆறுக்கும் ஆறு வேறு இடங்களில் தேட வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றும் வண்டிக்குப் புது பேட்டரி வாங்குவதும், செல்ஃபே எடுக்காத வண்டியில் பிளக்கைக் கழற்றுவதும் வீண்வேலை. ஆகவே கேட்டதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதற்குரிய பகுதிக்குப் போங்கள்.

சாவியே திரும்பவில்லை என்றால் அது ஸ்டியரிங் லாக். ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக லேசாக அசைத்தபடியே சாவியைத் திருப்பினால் விடுபட்டுவிடும்.

செல்ஃப் எடுக்கவில்லை, அல்லது மெதுவாகச் சுற்றுகிறது

ஹெட்லைட்டைப் போடுங்கள். இந்த வண்டியில் அதுவே ஒரு நல்ல சோதனை, ஏனென்றால் விளக்கு எரிவதோடு இரண்டு மோட்டார்கள் அதைத் தூக்கவும் வேண்டும். இரண்டும் சட்டென்று எழுந்து பளிச்சென்று எரிந்தால் பேட்டரியில் ஓரளவு உயிர் இருக்கிறது. திணறித் திணறி எழுந்தாலோ, பாதியில் நின்றாலோ பேட்டரி இறங்கியிருக்கிறது. அடுத்து, விளக்கு எரியும்போதே சாவியைத் திருப்புங்கள். விளக்கு அடியோடு மங்கினால் கரண்ட் போதவில்லை. மங்கவே இல்லை, செல்ஃபும் எடுக்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாருக்கு உத்தரவே போய்ச் சேரவில்லை.

இப்போது டிக்கியைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். எடை சமநிலைக்காக இந்த வண்டியில் பேட்டரியைப் பின்னால், டிக்கியின் வலது ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, அதன் முனைகளைப் பேட்டரியின் ஈயக் குமிழ்கள் மேலேயே வையுங்கள். சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.0 என்றால் கிட்டத்தட்டக் காலி. அப்புறம் ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரிக்கு சார்ஜ் வேண்டும். முழுக்க சார்ஜ் செய்த பிறகும் அப்படியே விழுந்தால் அதன் காலம் முடிந்தது. கடுங்குளிர் நாடுகளில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: உறைநிலைக்குக் கீழே வெப்பம் இறங்க இறங்க பேட்டரி கொடுக்கும் கரண்டு குறைகிறது, அதே நேரம் ஆயில் கெட்டிப்பட்டு இன்ஜின் அதிகக் கரண்டு கேட்கிறது. கோடையில் சமாளித்த பேட்டரி முதல் குளிரில் படுத்துவிடுவது அதனால்தான்.

புது பேட்டரி வாங்கத்தான் வேண்டும் என்று ஆனால் ஒரு எச்சரிக்கை. டிக்கி மூடிய இடம். சார்ஜ் ஆகும்போது பேட்டரி விடும் ஹைட்ரஜன் வாயு அங்கே தங்கக்கூடாது. கம்பெனியில் வந்ததுபோல வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாய் மாட்டக்கூடிய பேட்டரியோ, சீல் செய்த ஏஜிஎம் வகையோதான் போட வேண்டும். வேறு காரின் சாதாரண பேட்டரி அளவில் பொருந்துகிறதே என்று வைத்துவிடாதீர்கள். குழாய் இரண்டும் ஒழுங்காக மாட்டியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

அடுத்த வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வதாக இருந்தால் வரிசை முக்கியம். சிவப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸ்ஸில், கடைசி முனையை உங்கள் வண்டியில் பேட்டரியை விட்டுத் தள்ளியிருக்கும் பெயின்ட் இல்லாத இரும்பில். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், அது பேட்டரி பக்கத்தில் பறக்கக்கூடாது. கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக.

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் எடுக்காதபோது

புதிதாக வந்தவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேட்டரி பின்னால் இருக்கிறது, செல்ஃப் மோட்டார் முன்னால் இன்ஜினில் இருக்கிறது. பிளஸ் கரண்ட் வண்டியின் நீளத்துக்கு ஒரு தடித்த கேபிள் வழியாக முன்னே போகிறது. திரும்பி வருவதற்கு அப்படித் தனிக் கேபிள் கிடையாது. பேட்டரியின் மைனஸ் டிக்கியிலேயே பாடியோடு சேர்ந்துவிடுகிறது. ஆகவே செல்ஃப் மோட்டார் இழுக்கும் 100 ஆம்பியருக்கும் மேற்பட்ட கரண்ட், இன்ஜினிலிருந்து எர்த் கேபிள் வழியாகப் பாடிக்கு வந்து, பாடியின் தகடு வழியாகவே டிக்கிக்குத் திரும்ப வேண்டும். இந்தப் பாதையில் துருப்பிடித்த ஒரு போல்ட், பச்சை பூத்த ஒரு டெர்மினல் இருந்தால் போதும். ஹெட்லைட் எரியும், ஹாரன் அடிக்கும், செல்ஃப் மட்டும் "டக்" என்று நின்றுவிடும். குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் கனடா, பிரிட்டன் போன்ற இடங்களில் ஓடிய வண்டிகளில் இது சர்வசாதாரணம்.

ஒரு நண்பரின் 1992 வண்டியில் பேட்டரி புதிது, செல்ஃப் மோட்டாரும் புதிது, சத்தம் மட்டும் பழையபடி ஒரே "டக்". மீட்டரின் ஒரு முனையை இன்ஜினைத் தூக்கும் இரும்புக் கொக்கியிலும், மறுமுனையை பாடியில் சுரண்டிய ஒரு போல்ட் தலையிலும் வைத்து அவரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். மீட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் ஏறியது. இன்ஜினும் பாடியும் ஒரே எர்த்தில் இருந்தால் அங்கே கிட்டத்தட்டப் பூஜ்யம்தான் வர வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தபோது எர்த் கேபிள் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கேபிள் முனையிலுள்ள உலோக வளையமான கண்ணி மட்டும் போல்ட்டுக்கு அடியில் பழுப்புப் பொடியாக உதிர்ந்தது. கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை கம்பி பிரஷ் போட்டு, புதுக் கண்ணி வைத்து இறுக்கியதும் முதல் திருப்பிலேயே எடுத்தது.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது மட்டுமே அளக்க வேண்டும், கரண்ட் ஓடாத நேரத்தில் எந்தக் கோளாறும் மீட்டரில் தெரியாது. பேட்டரியின் மைனஸ் குமிழுக்கும் டிக்கி பாடிக்கும் நடுவே, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே, குமிழுக்கும் அதைக் கவ்வியிருக்கும் டெர்மினலுக்கும் நடுவே என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதுவும் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. பிளஸ் பக்கம் பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை மொத்தமாக 0.5 வோல்ட் வரை இழந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் போனால் எந்தத் துண்டில் அதிகம் விழுகிறதோ அங்கே கோளாறு.

மீட்டர் இல்லையென்றால் ஒரு குறுக்குவழி: ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து இன்ஜின் இரும்பையும் பாடியின் சுத்தமான இரும்பையும் கவ்வுங்கள். இப்போது செல்ஃப் எடுத்தால் எர்த் கேபிள்தான் குற்றவாளி.

எர்த் நன்றாக இருந்தும் சத்தமே இல்லையா? அமெரிக்க, கனடிய மேனுவல் கியர் வண்டிகளில் கிளட்ச்சை முழுக்க அழுத்தினால்தான் செல்ஃபுக்குக் கரண்ட் போகும். பெடலின் மேல்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. காலடி மேட் சுருண்டு பெடலுக்கு அடியில் போனால்கூட அந்த ஸ்விட்ச் அமுங்காது. மேட்டை எடுத்துவிட்டு அழுத்திப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் பி-யில் எடுக்காவிட்டால் என்-னில் போட்டுப் பாருங்கள். என்-னில் எடுத்தால் கியர் நிலையைச் சொல்லும் ஸ்விட்ச்சைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் பலரும் பிற்பாடு பொருத்திய அலாரம், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் கருவிகளும் இந்தப் பாதையை வெட்டக்கூடியவை. வண்டி வாங்கும்போது கொடுத்த சின்ன ரிமோட்டோ கறுப்புச் சாவியோ எதற்கு என்று தெரியாமல் டிராயரில் கிடந்தால், அதை எடுத்து வாருங்கள்.

செல்ஃப் மோட்டார் வலது பக்கம், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கை நுழைவது கஷ்டம், வண்டிக்கு அடியிலிருந்து பார்ப்பது சுலபம். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வைத்தே தீர வேண்டும். அதில் வந்து சேரும் மெல்லிய ஒயரில், சாவியைத் திருப்பும்போது 12 வோல்ட் பக்கம் வருகிறதா என்று அளக்க வேண்டும். வந்தும் மோட்டார் அசையவில்லை, தடித்த கேபிளிலும் எர்த்திலும் குறையில்லை என்றால், இப்போதுதான் செல்ஃப் மோட்டாரைக் குறை சொல்லலாம். பெரும்பாலும், மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கும். மெல்லிய ஒயரில் ஒன்றும் வரவில்லை என்றால் ஃபியூஸ், கிளட்ச் ஸ்விட்ச், இக்னிஷன் ஸ்விட்ச் என்று பின்னோக்கி வாருங்கள். வண்டியே செத்ததுபோல் ஒரு விளக்குகூட எரியாவிட்டால் பானெட்டுக்கு அடியிலுள்ள பெட்டியில் 80 ஆம்பியர் மெயின் ஃபியூஸைப் பாருங்கள்.

அவசரத்துக்குத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். மேனுவல் வண்டி, எடை ஆயிரம் கிலோ பக்கம்தான், இரண்டு பேர் தள்ளினால் நகரும். சாவி ஆனில், இரண்டாம் கியர், கிளட்ச் அழுத்தியபடி. நடை வேகத்தைத் தாண்டியதும் கிளட்ச்சைச் சட்டென விடுங்கள். டேஷ்போர்டு விளக்குகூட எரியாத அளவுக்கு பேட்டரி இறங்கியிருந்தால் இது பலிக்காது. இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் பம்புக்கும் இக்னிஷனுக்கும் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 30 வயதுப் பெட்ரோல் முள்ளை நம்ப முடியாது. மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி என்றால் பெட்ரோலே பழசாகி வீரியம் இழந்திருக்கும்.

இப்போது ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது. இன்ஜின் சுற்றும்போது முள் லேசாகத் துடித்து மேலே எழ வேண்டும். துடித்தால் இக்னிஷன் பக்கம் சிக்னல் போகிறது. முள் செத்துக் கிடந்தால், இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் ஆங்கிள் சென்சார், அதன் ஒயர், பிளக்குக்குப் பொறி தரும் காயிலை இயக்கும் இக்னைட்டர், அல்லது இவற்றுக்கெல்லாம் கரண்ட் தரும் மெயின் ரிலே ஆகியவற்றில் ஒன்று என்று சந்தேகப்படலாம். அந்த சென்சார் சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், கேபினைப் பிரிக்கும் தகடுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் ஓ-ரிங் தேய்ந்து ஆயில் கசிவது இந்த வண்டியின் பழைய வியாதி. கசிந்த ஆயில் கனெக்டருக்குள் போயிருக்கிறதா, பின்கள் பச்சை பிடித்திருக்கின்றனவா என்று கழற்றிப் பாருங்கள். ஆனால் சென்சாரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தொடாதீர்கள். இக்னிஷன் டைமிங்கே அதைச் சுழற்றித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. கழற்றத்தான் வேண்டுமென்றால் ஹெட்டிலும் சென்சாரிலும் சேர்த்து ஒரு கோடு கீறிவிட்டுக் கழற்றுங்கள்.

அடுத்தது பெட்ரோல் பம்ப். இன்ஜின் அறையின் இடப்பக்க ஓரத்தில், மூடியில் "டயக்னோசிஸ்" என்று எழுதிய சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். மூடியைத் திறந்தால் உள்பக்கத்திலேயே எந்தத் துளை எது என்று அச்சிட்டிருக்கும். எஃப்/பி என்ற துளையையும் ஜிஎன்டி என்ற துளையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, சாவியை ஆனில் மட்டும் வையுங்கள். பம்ப் ஓட வேண்டும். சீட்டுகளுக்குப் பின்னால் காதை வைத்தால் "ங்ங்ங்" என்ற சன்னமான சத்தம் கேட்கும், டேங்க் அங்கேதான் இருக்கிறது. சத்தம் கேட்டால் பம்பும் அதன் ஒயரும் உயிரோடு இருக்கின்றன. அப்படியே ஒயரை விட்டுவிட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். இப்போது பிடித்தால் கோளாறு பம்பை இயக்கும் ரிலே பக்கம். சோதனை முடிந்ததும் ஒயரை எடுத்துவிட வேண்டும். அதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால், விபத்தில் இன்ஜின் நின்றாலும் பம்ப் நிற்காது.

1989 முதல் 93 வரையிலான 1.6 லிட்டர் வண்டிக்காரர்கள் இதைக் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வண்டியில் இன்ஜின் இழுக்கும் காற்றை அளக்க ஒரு பெட்டி, அதற்குள் காற்றோடு திறக்கும் ஒரு கதவு. அந்தக் கதவு திறந்தால்தான் பம்ப் தொடர்ந்து ஓடும்படி உள்ளே ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் வேறு வழியாகப் பம்புக்குக் கரண்ட் கிடைத்துவிடும். ஆகவே சாவியைப் பிடித்திருக்கும்வரை இன்ஜின் பிடித்து, சாவியை விட்டதும் நின்றுபோனால் முதலில் இங்கே பாருங்கள். காற்று அளக்கும் பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவேயுள்ள ரப்பர் குழாய் கிழிந்தோ கழன்றோ இருந்தால், காற்று கதவைத் திறக்காமல் கிழிசல் வழியாகவே உள்ளே போய்விடும். குழாயின் மடிப்புகளை விரித்து விரித்துப் பாருங்கள், விரிசல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, சாவியை ஆனில் வைத்து, அந்தக் கதவை விரலால் மெதுவாகத் தள்ளினால் பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஸ்விட்ச்சிலோ ரிலேயிலோ கோளாறு. பின்னால் வந்த 1.8 லிட்டர் வண்டியில் இந்தக் கதவு இல்லை. அங்கே சாவியை விட்டதும் நின்றால் இக்னிஷன் ஸ்விட்ச்சைச் சந்தேகப்படுங்கள். அந்தச் சந்தேகம் 1.6 வண்டிக்கும் இரண்டாவதாகப் பொருந்தும்.

பம்ப் ஓடுகிறது, முள்ளும் துடிக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லையா? ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்து கறுத்திருந்தால் இன்ஜின் மூழ்கிவிட்டது என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கராஜிலிருந்து 10 அடி நகர்த்தி, உடனே நிறுத்தினால் இந்த வண்டியில் இது வரும். காரைக் கழுவுவதற்காக நகர்த்தினேன், அப்புறம் ஸ்டார்ட் ஆகவே இல்லை என்பவர்களின் கதை பெரும்பாலும் இதுவே. ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்தபடி 5 முதல் 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். இன்ஜின் தடுமாறிப் பிடிக்கும்போது காலை மெதுவாக எடுங்கள். பலிக்காவிட்டால் நான்கு பிளக்கையும் கழற்றிக் காயவைத்து மாட்டுங்கள். ஒருமுறை செல்ஃப் அடித்தால் அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள், மோட்டார் சூடேறிவிடும்.

பிளக் பெட்ரோல் வாடையே இல்லாமல் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, ஃபில்டரையும் இன்ஜெக்டருக்குப் போகும் கரண்டையும் பாருங்கள். பிளக் குழிக்குள் ஆயில் நின்றால் வால்வு கவர் கேஸ்கெட் போய்விட்டது. தண்ணீர் நின்றால் இன்ஜினுக்கு யாரோ பைப் பிடித்துக் கழுவியிருக்கிறார்கள். இரண்டுமே பிளக் ஒயரிலிருந்து பொறியைக் குழிச் சுவருக்கே இழுத்துவிடும். பிளக் ஒயர்கள் இந்த வண்டியில் சீக்கிரம் தேய்கிற பொருள், சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பொறி வருகிறதா என்று பார்க்கக் கடையில் சின்ன ஸ்பார்க் டெஸ்டர் கிடைக்கும், அதையே பயன்படுத்துங்கள். ஒயரைக் கையில் பிடித்து இரும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் பழைய வழக்கம் உங்களுக்கும் ஆபத்து, இக்னைட்டருக்கும் ஆபத்து.

ஒயர்களைக் கழற்றியவர்களுக்கு இன்னொரு வார்த்தை. இந்த இன்ஜினில் ஒரு காயில் 1, 4 சிலிண்டர்களுக்கும், மற்றொன்று 2, 3 சிலிண்டர்களுக்கும் பொறி தருகிறது. இரண்டு ஜோடியையும் கலந்து மாட்டிவிட்டால் இருமும், வெடிக்கும், ஓடாது. கழற்றும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் ஏதாவது கோளாறு பதிந்து வைத்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். அதே கறுப்புப் பெட்டியில் டிஇஎன் துளையையும் ஜிஎன்டி துளையையும் இணைத்து, சாவியை ஆனில் வைத்தால், இன்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னி எண்களைச் சொல்லும். 2, 3 என்ற எண்கள் வந்தால் கிராங்க் ஆங்கிள் சென்சாரின் சிக்னல் வரவில்லை. 8 வந்தால் காற்று அளக்கும் பெட்டி. 1 வந்தால் இக்னிஷன் சிக்னல். அமெரிக்காவில் 1996-இலிருந்து வந்த வண்டிகளில் கோளாறு எண்களைப் படிக்கும் சாதாரண ஓபிடி-2 கருவியையே மாட்டிப் படிக்கலாம்.

வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால்

செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் தடையே இல்லாமல் ஒரே சீராக விர்ரென்று சுற்றினால் கம்ப்ரெஷன் இல்லை, டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தபடி இன்னொருவரைச் சற்றே செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் சுற்றவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். நல்ல செய்தி, முதல் தலைமுறையின் 1.6 இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது. புது பெல்ட், புது டென்ஷனர், வாட்டர் பம்பையும் அதோடு மாற்றிவிட்டால் மறுபடி ஓடும். 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்ற வேண்டும். எப்போது மாற்றியது என்று பழைய உரிமையாளரிடம் ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1990, 91 ஆண்டின் தொடக்க 1.6 வண்டிகளில் கிராங்கின் முன்முனை குட்டையாக இருக்கும். பெல்ட் வேலையில் அதன் போல்ட்டைச் சரியாக இறுக்காவிட்டால் கிராங்கில் பல்சக்கரத்தைப் பூட்டும் பள்ளம் தேய்ந்து டைமிங் நகர்ந்துவிடும். முன்பக்கப் புல்லியின் நடுவில் 4 பள்ளம் தெரிந்தால் உங்களுடையது அந்த வகை, 8 தெரிந்தால் பின்னால் வந்த உறுதியான வகை. 4 பள்ளம் உள்ள வண்டியில் பெல்ட் வேலையை இந்த இன்ஜின் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள்.

மெக்கானிக்கிடம் போவதானால்

"ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுதி வைத்ததை அப்படியே சொல்லுங்கள்: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, சுற்றும்போது பேட்டரி 10.5 வோல்ட், ஆர்பிஎம் முள் அசையவில்லை, பம்ப் ஓடுகிறது. இந்த ஒரு வரி அவருக்கு ஒரு மணி நேர வேலையை மிச்சப்படுத்தும், உங்களுக்கு அந்த ஒரு மணி நேரக் கூலியை.

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் உடனே அணைத்துவிடாதீர்கள். ஓடும் இன்ஜினில் பேட்டரியை அளந்து பாருங்கள், 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே வோல்ட் இருக்க வேண்டும். 12.6-க்கு மேலே ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை, நாளைக் காலையில் இதே கதைதான். சார்ஜ் சரியாக இருந்தும் இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்குகிறது என்றால், எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் குமிழுக்கும் நடுவே மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஏதோ ஒன்று ரகசியமாகத் தின்றுகொண்டிருக்கிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது எதைப் பிடுங்கியதும் எண் சட்டென இறங்குகிறதோ, அந்த ஒயரைப் பின்தொடருங்கள். டிக்கி விளக்கையும் யாரோ பிற்பாடு மாட்டிய ஸ்டீரியோவையும் முதலில் பாருங்கள்.